பதினாறு ஜோடிச் செருப்பும் சாவித்திரியும்

சாவித்திரி நூறு தடவைக்கு மேல் மலைக்குப் போனவள். ஒரு மலையிலும் ஏறியதில்லை. சோளிங்கர், திருத்தணி, வள்ளிமலை, எங்கே போனாலும் அவள் பார்த்தது அடிவாரம். திருப்பதியில் வண்டியே மேலே போய்விடும் என்பதால் அங்கே பார்க்கிங்.

அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் எங்கள் எதிர்வீடு. பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு நாள் டூர் கூட்டிப்போவதுதான் அவள் வேலை. அவளிடம் ஒரு நோட்டு உண்டு. யாருக்கு வாந்தி வரும், யார் ஜன்னல் ஓரம் கேட்பார்கள், யார் பக்கத்தில் யாரை உட்கார வைத்தால் சண்டை வரும், எல்லாம் அதில் இருக்கும். என் பெயருக்கு நேரே “பின் சீட்டு வேணாம், கத்தும்” என்று எழுதியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். உண்மைதான், கத்துவேன்.

அவள் வளர்ந்தது ஆவடி குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு டேங்க் ஃபேக்டரியில் வேலை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தஞ்சாவூர், அதற்கடுத்தவர்கள் கோயம்புத்தூர், மாடியில் திருநெல்வேலி. கோடை லீவு விட்டால் எல்லாரும் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். சாவித்திரியின் அப்பாவுக்குச் சொந்த ஊர் பாரிவாக்கம். ஒரு பஸ் ஏறினால் அரை மணியில் வந்துவிடும், அதற்கு யார் பெட்டி கட்டுவார்கள்? லீவு முழுக்கக் காலி குவார்ட்டர்ஸில் தனியாகச் சுற்றுவாளாம். பிள்ளைகள் திரும்பி வந்ததும் ஒவ்வொருத்தரையும் பிடித்து, “உங்க ஊர்ல இன்னா கீது?” என்று கேட்பாளாம்.

கட்டிக்கொண்டது கலியமூர்த்தியை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத்து வேலை. நல்ல மனுஷன், குடி கிடையாது. ஆனால் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டைத் தாண்டினால் தலைவலி வந்துவிடும். அந்த ஆளை நம்பினால் எதையும் பார்க்க முடியாது என்று இவளே வண்டி பேச ஆரம்பித்தாள்.

முதல் டூர் பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி. அன்றைக்கு சாவித்திரியும் எங்களோடு படியேறத்தான் இருந்தாள். ஆனால் பத்துப் படி ஏறுவதற்குள் ஒருத்திக்கு மயக்கம் வந்து, அவளைத் தாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். நாங்கள் தரிசனம் முடித்து வந்தால் என் செருப்பைக் காணோம். புதுச் செருப்பு, வாங்கி ஒரு வாரம் ஆகவில்லை. நான் போட்ட கூச்சலில் தேங்காய்க் கடைக்காரரே எழுந்து வந்துவிட்டார். “ஆளுங்களைக் கூட்டிகினு வரத் தெரிஞ்ச உனக்கு செருப்பப் பாத்துக்கத் தெரியாதா?” என்று சாவித்திரியைப் பார்த்துக் கத்தினேன்.

அடுத்த டூரில் ஒரு நீலத் தார்ப்பாய் கொண்டுவந்தாள். அடிவாரத்தில் அதை விரித்தாள். “செருப்பு, பையி எல்லாம் இதுல வையிங்க, நான் குந்திகினு பாத்துக்கறேன்.” அதற்கப்புறம் பதினோரு வருஷம் அவள் அந்தத் தார்ப்பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை. தார்ப்பாய் விரிந்தால் எங்கள் கால் தானாகச் செருப்பைக் கழற்றும்.

நாங்கள் இறங்கி வந்ததும் ஆவலாகக் கேட்பாள், “மேல இன்னா கீது?”

நாங்கள் சொல்கிற பதிலும் ஒரு பதிலா? “செம கூட்டம்.” “காலு விட்டுப்போச்சி.” “நல்லா கீது போ.” இவ்வளவுதான்.

இந்த வருஷம் ஏப்ரலில் ஒரு நாள் நான் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது வந்து சமையலறை வாசற்படியில் உட்கார்ந்தாள். உட்காரும்போதே முட்டி ‘கடக்’ என்றது.

“டாக்டராண்ட போனேன்க்கா. முட்டி தேஞ்சிருச்சாம். ஏற வேண்டிய மலை ஏதாச்சும் இருந்தா இந்த வருசமே ஏறிக்கோங்கன்றாரு. அடுத்த வருசம் மாடிப்படிகூட பேஜாராம்.”

“ஏறேன், யாரு வேணான்னா?”

“எப்புடி ஏறுவேன்? கோயிலுன்னா செருப்பக் கழட்டணும். செருப்பக் கழட்டுனா நான் குந்தணும். அதான் கோயிலே இல்லாத மலையாத் தேடுனேன்.”

போனை நீட்டினாள். கிருஷ்ணகிரி பக்கம் மல்லசந்திரம் என்று ஓர் ஊர். மொட்டைப் பாறை மலை. அதன் தலையில் கல்லாலேயே கட்டிய குட்டிக் குட்டி வீடுகள், நாலு பக்கமும் பலகைக்கல், மேலே மூடிக்கல். கல்திட்டை என்று வீடியோவில் சொன்னார்கள். ராஜா கோட்டைக்கெல்லாம் முந்தினது, ஆயிரக்கணக்கான வருஷப் பழசு.

“இந்த வாட்டி நான் மேல ஏறப்போறேன் சரசாக்கா. உன்னாண்ட மட்டும்தான் சொல்றேன்.”

முகம் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி இருந்தது. எனக்கே ஜிவ்வென்று ஆகிவிட்டது. “ஏறுடி, நான் கீறேன்” என்றேன். இதை நான் எவ்வளவு அழகாகக் காப்பாற்றினேன் என்பதைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

எந்த ஊருக்கு டூர் என்று தெருவில் சொன்னதும் முதல் சண்டை தாயம்மாள் அக்காவிடமிருந்து. அவளுக்கு அறுபத்துமூன்று வயது, டூர் ஒன்றுவிடாமல் வருகிறவள்.

“சாமி இல்லாத மலைக்கு இன்னாத்துக்கும்மே ஏறணும்? கல்லப் பாக்க கிருஷ்ணகிரி போணுமா? அம்மிக்கல்லு என் ஊட்லயே கீது.”

“தாயம்மாக்கா, கிருஷ்ணகிரி மாம்பழத்து ஊரு. தோப்புலயே பறிச்சித் தருவாங்க” என்றாள் சாவித்திரி.

“மல்கோவா கீதா?”

“கீது.”

“அப்ப எத்தினி மணிக்கு வண்டி?”

சபீனாவும் பெயர் கொடுத்தாள். மெயின் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறவள். பதினோரு வருஷமாக எங்கள் எல்லாருக்கும் டூருக்குப் போட்டுக்கொள்ள ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள், ஒரு டூருக்கும் வந்ததில்லை. “எல்லாம் கோயிலா போறீங்க, நான் எப்புடி வர்றது? இதுக்கு வரேன்” என்றாள். ஒரு வாரம் முன்னாலேயே தனக்கும் ஒரு புதுச் சுடிதார் தைத்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் இரண்டாவது சனிக்கிழமை, காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். நாங்கள் பதினாறு பேர், சாவித்திரி, டிரைவர் உத்தமன். சாவித்திரியின் திட்டம் தெளிவாக இருந்தது. ஒன்பது மணிக்கு மலை. வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். சாப்பிட்டுவிட்டு மதியம் தோப்பு. வண்டியில் ஏறும்போதே மூன்று தடவை சொன்னாள். எல்லாரும் மூன்று தடவை தலையாட்டினோம்.

வேலூர் தாண்டி இட்லி சாப்பிட்டோம். வாணியம்பாடிக்கு அப்புறம் காற்றே மாறியது. கிருஷ்ணகிரி வர வர ஒரு பக்கம் பாறை மலை, உச்சியில் கோட்டைச் சுவர். இன்னொரு பக்கம் மாமரம். நான் வாழ்நாள் முழுக்க மாம்பழத்தைத் தள்ளுவண்டியில் பார்த்தவள். இங்கே கிளை பாரம் தாங்காமல் தரையில் படுத்திருக்கிறது, முட்டுக்குக் கம்பு கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். காய் மண்ணைத் தொட்டுக்கொண்டு தொங்குகிறது. வண்டிக்குள் பதினாறு பேரும் எழுந்து ஒரே பக்கம் சாய்ந்தோம்.

“உக்காருங்கக்கா! வண்டி கவுந்துரும்!” என்று உத்தமன் கத்தினான்.

“கவுந்தா மாந்தோப்புலதான கவுழும், நிறுத்துடா!” என்றாள் தாயம்மாள்.

நின்றது. இறங்கினோம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பிள்ளைகளைப்போல ஓடினோம். தோப்புக்காரி சாமுண்டீஸ்வரி, தொரட்டியில் வலை கட்டிக் காய் பறித்துக்கொண்டிருந்தவள், எங்களைப் பார்த்துப் பயந்தே போய்விட்டாள். அப்புறம் சிரித்துக்கொண்டே கூடையை இழுத்து முன்னால் வைத்தாள். கன்னம் சிவந்த செந்தூரா, கிளிமூக்கு, குண்டு குண்டாக மல்கோவா. நான் ஒவ்வொன்றையும் காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்துத்தான் எடுத்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறி மண்டையில் உட்கார்ந்துவிட்டது. சபீனா புதுச் சுடிதாரில் சாறு ஒழுக ஒழுகச் சாப்பிட்டாள். தாயம்மாள் மூன்று மல்கோவா முடித்து, நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு, “இத்த அப்பவே சொல்லியிருந்தா பத்து வருசமா இங்கியே வந்துகினு இருந்திருப்பேனே” என்று சாவித்திரியைத் திட்டினாள்.

சாவித்திரி மட்டும் ஒரு பழம்கூடத் தொடவில்லை. வாட்ச்சைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள். ஓர் அதட்டல் போட்டிருக்கலாம். போடமாட்டாள், அதுதான் அவள் குணம். மூட்டை கட்டி வண்டியில் ஏற்றும்போது மணி பத்தே முக்கால்.

“மலைக்கா போறீங்க? வாலியர் வூடு பாக்கவா?” என்று சாமுண்டீஸ்வரி கேட்டாள். அந்தக் கல்வீடுகளை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். “சீக்கிரம் போயிட்டு வந்துருங்கம்மா. மத்தியானம் பாறை தோசைக்கல்லாட்டம் காயும்.”

யார் காதில் விழுந்தது?

மலையடிவாரத்தில் புளியமர நிழலில் உத்தமன் வண்டியை நிறுத்தினான். சாவித்திரிதான் முதலில் இறங்கினாள். முட்டிக்கு மாட்டுகிற பெல்ட்டை வாங்கி வைத்திருந்தாள். அதை நின்றுகொண்டு மாட்ட முடியாது, உட்கார வேண்டும். தரையெல்லாம் முள். அதனால் பழக்கத்தில் நீலத் தார்ப்பாயை எடுத்து விரித்தாள், உட்கார்ந்தாள், ஒரு பெல்ட்டை எடுத்துக் காலில் நுழைத்தாள்.

அவ்வளவுதான். தார்ப்பாயைப் பார்த்தோம், செருப்பைக் கழற்றினோம்.

பதினாறு பேரும். டபடபவென்று. கைப்பை, தண்ணீர் பாட்டில், தாயம்மாளின் சால்வை, எல்லாவற்றையும் அவளைச் சுற்றிக் குவித்தோம். நானும்தான். எல்லாம் தெரிந்த நானும்தான். மாம்பழம் தின்ற ஜோரில் என் செருப்பை அவள் முட்டிக்குப் பக்கத்திலேயே வைத்து, “பாத்துக்கோடி, தோ வந்துர்றோம்” என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக நடந்தேன். அவள் ஒரு காலில் பெல்ட் பாதி ஏறிய நிலையில் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏன் பார்க்கிறாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆரம்பத்தில் மண் பாதை, மர நிழல். அப்புறம் பாறை. மேகம் இருந்ததால் கால் தாங்கியது. சிரித்துக்கொண்டே பாதி மலை ஏறிவிட்டோம். திடீரென்று மேகம் விலகியது.

முதலில் சபீனா குதித்தாள். அப்புறம் நான். பிறகு பதினாறு பேரும் ஆளுக்கொரு திசையில் குதித்தோம். கொஞ்சம் தள்ளி ஒரு வேப்பமரம், ஒற்றை மரம், கோலிக்குண்டு அளவு நிழல். எல்லாரும் அதற்குள் ஓடி ஒட்டிக்கொண்டோம். மேலே போக முடியாது, கீழே போக முடியாது. முன்னாலும் பின்னாலும் கொதிக்கிற பாறை.

சபீனா ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கேட்டாள், “ஏங்க்கா, இங்க எதுக்கு செருப்பக் கழட்டணும்?”

எல்லாரும் குனிந்து அவரவர் வெறுங்காலைப் பார்த்தோம்.

“நீங்கல்லாம் கழட்டுனீங்க. உங்க பழக்கம்னு நானும் கழட்டுனேன்.”

தாயம்மாள் என்னைப் பார்த்தாள். நான் தாயம்மாளைப் பார்த்தேன்.

“ஏம்மே சரசா, இங்கதான் கோயிலே இல்லியே!”

அந்தச் சூட்டிலும் எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்தப் பாதி பெல்ட் கண்ணுக்குள் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. கோயில் இல்லாத மலையாகத் தேடிப் பிடித்து வந்தவளை, மறுபடியும் தார்ப்பாயில் உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வாயால் செய்ததை, இன்றைக்கு வாயைத் திறக்காமலே செய்துவிட்டேன்.

இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தேன். நல்லவேளை, சிக்னல் ஒரு கோடு இருந்தது.

“இன்னாக்கா, மேல இன்னா கீது?” என்றாள் சாவித்திரி, எடுத்ததும்.

“மேல போய்ச் சேரவே இல்லடி. பாறை சுடுது, பாதியில மாட்டிகினு கீறோம். செருப்ப எடுத்துகினு மேல வா.”

“பையெல்லாம் யாரு பாக்கறது?”

“எல்லாத்தையும் வண்டியில தள்ளிப் பூட்டு. உத்தமன் எங்க?”

“தூங்கறான்.”

“எழுப்பு!”

“அவன்கிட்டயே குட்த்து அனுப்பட்டுமாக்கா? என் முட்டி...”

நியாயமான கேள்விதான். அவளால் எவ்வளவு முடியும் என்று எனக்கென்ன தெரியும்? ஒரு நிமிஷம் யோசித்தேன். சரி என்றால் இவள் இன்றைக்கு ஏறமாட்டாள். இன்றைக்கு விட்டால் என்றைக்குமே ஏறமாட்டாள்.

“உத்தமனுக்கு எந்தச் செருப்பு யாருதுன்னு இன்னா தெரியும்? நீதான் வரணும். பைய வா. நாங்க எங்கியும் ஓடிட மாட்டோம், ஓடவும் முடியாது.”

அந்தப் பக்கம் பெல்ட்டை இழுத்து ஒட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாக, “வரேன்” என்றாள்.

அரை மணி நேரம் ஆனது. அந்த மரத்தடியில் பதினாறு பேர் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் பாறை விளிம்பில் ஒரு கோணிப்பை தெரிந்தது, மாம்பழம் போட்டுத்தந்த கோணி. அதற்குக் கீழே சாவித்திரியின் தலை. இரண்டு முட்டியிலும் பெல்ட். ஒரு கையில் குச்சி. பத்து அடி நடப்பாள், நிற்பாள், மூச்சு வாங்குவாள், மறுபடி பத்து அடி. பின்னாலேயே உத்தமன், “மூட்டையாவது குடுக்கா” என்று கெஞ்சிக்கொண்டு வந்தான். அவள் கொடுக்கவில்லை.

“வாடி என் ராசாத்தி!” என்று தாயம்மாள் கூவினாள். சபீனா விசில் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

சாவித்திரி வந்து கோணியைக் கவிழ்த்தாள். ஒன்றைக்கூட யாருடையது என்று கேட்கவில்லை. வார் அறுந்து தைத்தது தாயம்மாளுக்கு, பூப் போட்டது சபீனாவுக்கு, என் பாட்டா எனக்கு. பதினோரு வருஷமாக முகத்தைவிட அதிகமாக எங்கள் செருப்பைப் பார்த்தவள் ஆயிற்றே. கொடுத்து முடித்ததும் கோணியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டாள்.

“சரிக்கா, நீங்க பாத்துட்டு வாங்க. வண்டியில பையெல்லாம் கீது.”

“வண்டி பூட்டிதான கீது?”

“பூட்டிட்டேன். ஆனா...”

“கீழ ஒரு அடி வச்சே, தேஞ்ச முட்டிய நானே ஒடச்சிடுவேன். நட மேல.”

உத்தமன் சாவியை ஆட்டிக் காட்டினான். “நான் போறேன்க்கா, நான் வண்டியாண்ட குந்திகினு கீறேன். நீ போ.”

அவள் ஒரு பக்கம் என் தோளைப் பிடித்தாள், இன்னொரு பக்கம் சபீனாவை. மீதிப் பாறை அதிகம் இல்லை, ஆனால் சறுக்கல். நடுவில் இரண்டு தடவை வலியில் என் தோளை நசுக்கினாள். எனக்கும் வலித்தது, கத்தவில்லை. என் வாழ்நாளில் நான் கத்தாமல் இருந்த இடம் அது ஒன்றுதான்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. சுற்றிலும் பார்த்த இடமெல்லாம் கல்வீடு. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கப் பலகையில் வட்டமாக ஓட்டை போட்டிருக்கிறார்கள், கத்தியால் வெட்டிய தோசை மாதிரி அவ்வளவு சுத்தமான வட்டம். சுற்றிலும் தலை உருண்ட கல் பலகைகள், ஆள் நிற்கிறது போல. இந்தக் கல்லையெல்லாம் யார் தூக்கினார்களோ, எப்படித் தூக்கினார்களோ. கீழே பார்த்தால் ஊர் முழுக்க மாந்தோப்பு, பச்சைக் கம்பளி விரித்தாற்போல.

தாயம்மாள் முந்தானையிலிருந்து கற்பூரத்தை எடுத்தாள். எப்படியும் எங்காவது ஏற்றலாம் என்று கொண்டுவந்திருக்கிறாள்.

“தாயம்மாக்கா, இது சாமி இல்ல. செத்தவங்க ஊடு. பொதைச்ச எடமாம்” என்றாள் சாவித்திரி.

“செத்தவங்கன்னா கும்பிடக்கூடாதா? எங்க மாமியாரக்கூட அது செத்தப்பறம்தான் நான் கும்பிட்டேன்.”

“கல்லு கரி புடிச்சிரும்க்கா.”

தாயம்மாள் கற்பூரத்தை உள்ளே வைத்துவிட்டு, அந்த நாலாவது மல்கோவாவை எடுத்து ஓட்டை முன்னால் ஒரு நிமிஷம் காட்டினாள். அப்புறம் அதை சாவித்திரி கையில் கொடுத்தாள். “துண்ணு. கார்த்தாலருந்து நீ ஒண்ணும் துண்ணல.”

சாவித்திரி அந்தப் பழத்தைக் கடித்துச் சாப்பிட்டாள், கொட்டையைச் சப்பிக் கோணிக்குள் போட்டாள். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வலிக்கிற முட்டியை மடக்கி மண்டி போட்டாள். வட்ட ஓட்டைக்குள் தலையை விட்டாள். ரொம்ப நேரம் வெளியே எடுக்கவில்லை.

“உள்ள இன்னாடி கீது?” என்று நான் கேட்டேன்.

“இரேன்க்கா, அவசரப்படாத” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “நல்லாப் பாத்துட்டுச் சொல்றேன்.”

ஒவ்வொரு வீடாகப் போனாள். இறங்கும்போது நான்கு பேர் மாற்றி மாற்றிப் பிடித்தோம். அடிவாரத்தில் உத்தமன் தார்ப்பாயில் குந்தியிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து, சாவித்திரியைப் பார்த்துக் கேட்டான்.

“மேல இன்னாக்கா கீது?”

பதினோரு வருஷமாக அவள் எங்களைக் கேட்ட கேள்வி. நாங்கள் ஒழுங்காகப் பதில் சொல்லாத கேள்வி. சாவித்திரி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், முட்டியில் தைலத்தைத் தடவிக்கொண்டாள், ஆரம்பித்தாள். பாறை எங்கே வழுக்கும், காற்று எந்தப் பக்கம் அடிக்கும், முதல் வீட்டின் மூடிக்கல்லில் என்ன செடி முளைத்திருக்கிறது, உள்ளே தலையை விட்டால் எப்படிக் குளிர்கிறது, அதில் எத்தனை எறும்பு. ஒன்றையும் விடவில்லை. வேலூரில் தாயம்மாள், “ஏம்மே, வாய மூடு, தூங்கணும்” என்றாள். கேட்கவில்லை. வீட்டை நெருங்கி, கரையான்சாவடி சிக்னலில் எல்லாரும் மாம்பழ வாசனைக்குள் தூங்கி வழிந்துகொண்டிருந்தோம், அவள் குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

கள்ளிக்குப்பத்தில் வண்டி நின்றது. கலியமூர்த்தி கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

“அக்கா, உங்க ஊடு வந்துச்சி, எறங்கு” என்றான் உத்தமன்.

“இருடா” என்றாள் சாவித்திரி. “இன்னும் ரெண்டாவது ஊட்டாண்டதான் கீறேன்.”